கையுறையும் ரோசாவும்: மலர்க் கொடையின் பொருள் பற்றிய ஒரு நோக்கு

மலரைக் கொடுத்தல் என்பது மாந்தர் வழக்கங்களுள் மிகத் தொன்மையானது. உண்ணுதற்கும் உதவாத, சேமித்து வைத்தற்கும் உதவாத, ஒரு பகலிலே வாடிவிடும் பொருளொன்றை ஒருவர் மற்றொருவரிடம் கொடுக்கின்றார். அங்கே கைமாறுவது பண்டமன்று, கருத்தே. அக்கருத்து எங்கிருந்து பிறக்கின்றது? மலரின் நிறத்திலிருந்தா, கொடுப்பவர் நெஞ்சிலிருந்தா, ஏற்பவர் செயலிலிருந்தா? இவ்வினாவை ரோசா மலரை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி மாநகரில் மலர்க் கொடையின் இருவேறு முகங்களை ஒருங்கே காணலாம். தலதா மாளிகைக்குச் செல்வோர் தாமரையும் நீலோற்பலமும் ஈழத்தலரியும் வாங்கிச் செல்கின்றனர். நகரத்துப் பூக்கடைகளிலோ நீண்ட காம்புடன் கூடிய ரோசா, கண்ணாடித் தாளிற் சுற்றப்பட்டு, பிறந்தநாளுக்கும் பட்டமளிப்புக்கும் பெப்ரவரி 14ஆம் நாளுக்கும் விலையாகின்றது. முன்னைய மலர்களை வாங்குவோர்க்கு அவற்றின் பொருளை எவரும் பட்டியலிட்டுக் காட்டுவதில்லை. ரோசாவுக்கோ பட்டியல் உண்டு. சிவப்பு காதலைக் குறிக்கும். இளஞ்சிவப்பு நன்றியைக் குறிக்கும். வெள்ளை தூய்மையைக் குறிக்கும். மஞ்சள் நட்பைக் குறிக்கும் என்பர். வாழ்த்தட்டைகளும் வணிக விளம்பரங்களும் பரப்பும் இப்பட்டியலை எம்மவரும் இயற்கை விதிபோல ஏற்றுக்கொண்டுள்ளனர். இப்பட்டியல் தோன்றிய வரலாற்றை முதலில் நோக்குவோம்.

பட்டியலின் வரலாறு

ஐரோப்பாவில் 'மலர்மொழி' எனப்பட்ட வழக்கத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவராகக் கருதப்படுபவர் மேரி உவோட்லி மொண்டகு சீமாட்டியார். துருக்கிக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலத் தூதுவரின் மனைவியாகிய இவர், அந்நாட்டிலிருந்து எழுதிய கடிதங்களில், மலர்களும் கனிகளும் பிற சிறு பொருள்களும் கொண்டு மகளிர் செய்தி அனுப்பும் முறையொன்றை விவரித்தார். இக்கடிதங்கள் அவர் மறைந்தபின் 1763இல் அச்சேறின. அம்முறையில் ஒரு பொருள் செய்தியைச் சுட்டியது அதன் நிறத்தாலன்று, பெயரின் ஓசையாலாகும். பொருளின் பெயரோடு எதுகை கொள்ளும் தொடரொன்று பெறுபவர் நினைவுக்கு வரும். எடுத்துக்காட்டாக, துருக்கி மொழியில் ரோசாவைக் குறிக்கும் 'குல்' என்ற சொல்லே 'நீ சிரி' என்னும் ஏவலுமாகும். ரோசாவைப் பெற்றவர் அங்கே நிறத்தைப் படிக்கவில்லை, சிலேடையைக் கேட்டார்.

இம்முறை மேற்கு ஐரோப்பாவை அடைந்தபோது ஓசை உதிர்ந்து அட்டவணை எஞ்சியது. 1819இல் பாரிசு நகரில் சார்லத் து லத்தூர் என்ற புனைபெயரில் வெளிவந்த மலர்மொழி நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதனைப் பின்பற்றிப் பல நூல்கள் எழுந்தன. இங்கிலாந்தில் கேற் கிறீன்வே படம் வரைந்து 1884இல் வெளிவந்த சிறுநூல் அவற்றுட் புகழ்பெற்றது. அந்நூலில் மஞ்சள் ரோசாவுக்குத் தரப்பட்ட பொருள் நட்பன்று. காதல் குறைதலும் பொறாமையுமாகும். இன்று அம்மலரை நட்பின் அடையாளமாகத் தோழர்க்குக் கொடுப்போர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அதே மலரால் அவரைப் புண்படுத்தியிருப்பர்.

இம்மாற்றம் சிந்திக்கத்தக்கது. ஐரோப்பியத் தோட்டங்கள் நெடுங்காலம் அறிந்திருந்த மஞ்சள் ரோசாவின் தாவரவியற் பெயர் 'தீநாற்றமுடைய ரோசா' எனப் பொருள்படும். 1900இல் பிரான்சு நாட்டுப் பெர்னே டுஷே என்பார் அவ்வினத்தைப் பிறவற்றோடு கலந்து உருவாக்கிய 'பொன்ஞாயிறு' என்னும் பெயருடைய ரோசாவை வெளியிட்டார். இன்றைய மஞ்சள் ரோசாக்களிற் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூதாதை. மலரின் மணமும் உருவும் மாறின. அதன் மதிப்பும் மாறியது. பட்டியலிற் பொருளும் மாறியது. ஆகவே, இப்பட்டியல் மலரினுள்ளே உறைவதன்று. காலத்தோடும் சந்தையோடும் மாறும் ஒரு வழக்கே என்பது தெளிவு.

நிறமும் எம் மரபும்

நிறத்துக்குப் பொருள் கற்பித்தல் எம் மரபிலும் உண்டு. ஆயின் அது வேறு வழியிற் சென்றது. மஞ்சள் தமிழர்க்கு மங்கலம். தாலிக் கயிற்றிலும் திருமண அழைப்பின் மூலையிலும் புதுப்பானையிற் கட்டிய கொத்திலும் அதனைக் காண்கின்றோம். மஞ்சள் நிறம் பொறாமையைக் குறிக்கும் என்ற கூற்று தமிழ் மனத்தில் வேர்கொள்ள இடமில்லை. சிவப்பு எம் மொழியிற் செம்மை; அச்சொல் நிறத்தையும் நேர்மையையும் ஒருங்கே சுட்டும். அது முருகனுக்குரிய நிறம், போருக்கும் உரியது. வெள்ளையோ இலங்கையில் இருதலைப்பட்டது. போயா நாளிற் பன்சலைக்குச் செல்வோர் வெண்ணிற உடை அணிகின்றனர்; மரணம் நிகழ்ந்த வீட்டுத் தெருவிலும் வெண்கொடிகளே கட்டப்படுகின்றன. வெள்ளை ரோசா மணமகள் கையிலும் இருக்கலாம். பிரேதப் பேழையின் மீதும் இருக்கலாம். இரண்டிடத்தும் பொருளைத் தீர்மானிப்பது இடமேயன்றி நிறமன்று.

மலரைக் குலத்துக்கும் கொடிவழிக்கும் அடையாளமாகக் கொள்ளும் வழக்கத்திலும் இவ்வுண்மை புலப்படும். இங்கிலாந்தில் 1455 முதல் மூன்று தசாப்தங்கள் நிகழ்ந்த உள்நாட்டுப் போர்கள் பிற்காலத்தில் ரோசாப் போர்கள் எனப்பட்டன. யோர்க் குலத்தார்க்கு வெள்ளை ரோசாவும் லங்காஸ்ரர் குலத்தார்க்குச் செந்நிற ரோசாவும் உரியனவாகக் கருதப்பட்டன. தமிழகத்தில் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே சேரர் போந்தையும் சோழர் ஆத்தியும் பாண்டியர் வேம்பும் சூடினர் என்பதைத் தொல்காப்பியத்தால் அறிகின்றோம். வெட்சி நிரைகவர்தலையும், கரந்தை நிரைமீட்டலையும், நொச்சி மதில் காத்தலையும், வாகை வெற்றியையும் சுட்டின. வேப்பம்பூவில் வீரம் பிறப்பதில்லை. பாண்டியன் படை அதனைச் சூடியமையாற் பொருள் பிறந்தது. செயலே மலருக்குப் பொருள் தந்தது.

கையுறை

மலரை ஒருவர் மற்றொருவருக்குக் காதற் குறிப்புடன் கொடுத்தல் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்ற வழக்கம் எனக் கருதுவோர் உளர். சங்க அகப்பாடல்களை அறிந்தோர் அவ்வாறு கூறார். தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் மலரும் 'கையுறை' எனப்பட்டன. இன்று அச்சொல் கையில் அணியும் உறையை மட்டுமே குறிப்பதால், அதன் பழம்பொருள் மாணவர்க்கும் அயலாகிவிட்டது. கையுறையைத் தலைவன் பெரும்பாலும் தலைவியிடம் நேரே கொடுப்பதில்லை, தோழியிடம் கொடுக்கின்றான். தோழி அதனை ஏற்கலாம், மறுக்கலாம், காலம் தாழ்த்தலாம். இம்மூன்றுக்கும் அகத்திணை மரபு இடம் வகுத்துள்ளது என்பதே ஈண்டு மனங்கொளத்தக்கது.

குறுந்தொகையின் முதற் பாடல், திப்புத்தோளார் பாடியது, தோழி கையுறை மறுத்த துறையில் அமைந்தது. தலைவன் காந்தள் மலரைக் கொண்டு வந்துள்ளான். தோழி சினந்து பேசவில்லை, அவனை இகழவுமில்லை. எம் மலை முருகனுக்குரியது, அங்கே குருதி நிறக் காந்தள் குலைகுலையாகப் பூத்துள்ளது என்று மட்டும் கூறுகின்றாள். மறுப்பு முழுவதும் அதனுள் அடங்கிவிடுகின்றது. எம்மிடம் இல்லாத ஒன்றை நீ கொண்டுவரவில்லை. எம்மை நீ அறிந்துகொள்ளவுமில்லை என்பது குறிப்பு. கொடுப்பவன் கொண்டு வந்த பொருளை ஏற்பவள் தன் சொல்லால் மாற்றிவிடுகின்றாள்.

நற்றிணை 359ஆம் பாடலிற் கபிலர் இன்னும் நுட்பமான நிலையைக் காட்டுகின்றார். தலைவன் தழை தந்துவிட்டான். அதனை உடுத்தால் தாய் அறிவாள் என்ற அச்சம். திருப்பிக் கொடுத்தால் அவன் வருந்துவான் என்ற அச்சம். இவ்விரண்டுக்கும் இடையே, அரிதிற் கொணர்ந்த அத்தழை வாடிப்போவதா எனத் தோழி கேட்கின்றாள். தழையின் நிறமோ இனமோ இங்கு பொருளாகவில்லை. ஏற்றலுக்கும் மறுத்தலுக்கும் இடைப்பட்ட ஒரு பெண்ணின் அச்சமும் இரக்கமுமே பொருள்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டிற் கூறப்படும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் ரோசா இல்லை. ஆயினும், இன்று ரோசாவைக் கொடுப்போர் அறியவேண்டிய இலக்கணத்தை அப்பழம் புலவர்கள் வகுத்துள்ளனர். மேனாட்டு மலர்ப் பட்டியல் கொடுப்பவரின் அகராதி. அவர் என்ன சொல்ல விரும்புகின்றார் என்பதையே அது எழுதிவைக்கின்றது. கையுறை மரபு கொடுப்பவரையும் ஏற்பவரையும் இணைக்கும் உரையாடல். அதிற் மலர் ஒரு விடையன்று, ஒரு வினா.

கண்டியின் வழிபாட்டு மலர்கள்

மாந்தர்க்குக் கொடுக்கும் மலர் விடையை எதிர்பார்க்கும். தெய்வத்துக்குக் கொடுக்கும் மலரின் இயல்பு யாது? கண்டியில் அருகருகே வாழும் இரு வழிபாட்டு மரபுகள் இதற்கு இருவேறு விடை தருகின்றன.

தலதா மாளிகையில் நாள்தோறும் மூன்று வேளை நடைபெறும் பூசையின்போது அடியார் மலர்களைப் பீடத்தில் வைத்து வணங்குகின்றனர். பௌத்தர் மலர் படைக்கும்போது ஓதும் பாளிச் செய்யுளின் கருத்து எளியது: இம்மலர் வாடுவதுபோல இவ்வுடலும் அழியும். இங்கே மலர் புத்தர்பிரானை மகிழ்விப்பதற்காகக் கொடுக்கப்படுவதில்லை. அவர் அதனை ஏற்பதாகவும் கொள்ளப்படுவதில்லை. வாடுதலை நினைவூட்டுவதே அதன் பணி. மாலையில் வாடிக் கிடக்கும் நீலோற்பலம் தன் பொருளை இழந்ததன்று, நிறைவேற்றியது. 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட 'நில் மானெல்' இந்நீலோற்பலமேயாகும். எம் இலக்கியங்கள் மகளிர் கண்ணுக்கு உவமையாக்கியதும் இவ்வினத்து மலரையே.

கண்டி கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயில் போன்ற சைவக் கோயில்களிலோ அருச்சனைக்குக் கொடுத்த மலர் திரும்பி வருகின்றது. கொடுத்தவரே அதனைப் பிரசாதமாகப் பெற்றுக் கண்ணில் ஒற்றிச் சூடிக்கொள்கின்றார். மலர் அதே மலர்தான். ஆயினும் சென்றபோது காணிக்கை, மீண்டபோது அருள். கொடையின் திசை மாறியதாற் பொருள் மாறியது. இவ்விரு மரபினரும் படைக்கவுள்ள மலரை முகர்வதில்லை. கொடுக்கும் பொருளைக் கொடுப்பவர் முன்னரே நுகர்தல் தகாது என்ற பண்பாடு இருவர்க்கும் பொதுவாயிற்று.

மாளிகையை அடுத்து நாத, விட்டுணு, பத்தினி தேவாலயங்களும், சற்று அப்பால் நகரினுள்ளே கதிர்காமத் தேவாலயமும் உள்ளன. பத்தினி எம் கண்ணகி. கதிர்காமத்தெய்வம் எம் முருகன். திப்புத்தோளார் காந்தளைச் சாற்றிய அதே முருகன் மலையகத்துத் தலைநகரில் இரு மொழி பேசுவோர் கையாலும் மலர் பெறுகின்றான். மலர்க் கொடையின் இலக்கணம் மொழி எல்லையைக் கடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வந்த மலர்களும் நின்ற மலர்களும்

ரோசா எமக்கு அயல்மலர் ஆதலால் அதனை விலக்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. கோயில் முற்றத்தையும் பன்சலை முற்றத்தையும் அழகுசெய்யும் ஈழத்தலரியே அயலிலிருந்து வந்ததுதான். அதன் தாயகம் நடு அமெரிக்காவும் அதனை அடுத்த தீவுகளும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல் புளூமியே என்பாரின் பெயரையே அதன் அறிவியற் பெயர் தாங்குகின்றது. சிங்களத்தில் அரலிய எனப்படும் அம்மலரைத் தமிழ் 'ஈழத்து அலரி' என இந்நாட்டின் பெயராலேயே அழைக்கின்றது. கடல் கடந்து வந்த ஒரு மரம், மக்கள் அதன் மலரை நாள்தோறும் கையில் ஏந்திப் படைத்தமையால், இம்மண்ணின் மரமாயிற்று.

ரோசாவும் இருமுறை வந்தது எனலாம். முதலில் அது நீராக வந்தது. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் வளர்ந்த வடிக்குங் கலையின் பயனாகிய ரோசாநீரைத் தமிழர் பன்னீர் என்றனர். பனிநீர் என்பதன் மரூஉ அது என்பர். முஸ்லிம் மக்களின் சமய நிகழ்வுகளிலும், இந்துக்களின் திருமண வாயிலிலும் பன்னீர்ச் செம்பு இன்றும் விருந்தினரை வரவேற்கின்றது. கத்தோலிக்கரின் செபமாலைக்கு இலத்தீனில் வழங்கும் பெயர் ரோசாத் தோட்டம் எனப் பொருள்படும். தமிழில் ரோசா மறைந்து மாலை நின்றது. பெயர் தெரியாமலே ரோசா எம் சடங்குகளுட் கலந்திருந்தது.

மலராக அது மலையகத்திற் பரவியது ஆங்கிலேயர் காலத்திலாகும். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. 1821இல் அலெக்சாந்தர் மூன் பேராதனையில் அரச தாவரவியற் பூங்காவை நிறுவினார். 1861இற் சிங்கோனாப் பயிருக்கென ஹக்கலவில் தொடங்கப்பட்ட தோட்டம் பின்னர் ரோசாக்களுக்குப் பெயர்பெற்றது. கண்டியிலும் மிக உயர்ந்த அக்குளிர்மலை ரோசாவுக்கு ஏற்றதாயிற்று. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் யேம்சு ரெயிலர் தேயிலை பயிரிட்டபின், மலைகள் தோறும் துரைமார் பங்களாக்கள் எழுந்தன. அவற்றின் முற்றங்களில் ரோசாப் பாத்திகள் அமைந்தன. அப்பாத்திகளைக் கொத்தி நீர் வார்த்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்கள் வளர்த்த மலர் அவர்களுக்குக் கொடையாகவில்லை. பறிக்கும் உரிமையும் இருக்கவில்லை. இன்று அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் லயத்து வாசலில் ஒரு பழைய தகரத்திலேனும் ரோசாச் செடி வைத்திருப்பது வெறும் அழகுணர்ச்சி அன்று. எந்த மலரும் யாருடையது என்ற வினா அங்கே மறைந்து நிற்கின்றது.

மலர் பெறாதோர்

மலர்க் கொடையின் பொருளை முழுமையாக அறிய, யாருக்கு மலர் கொடுக்கப்படுவதில்லை என்பதையும் நோக்கல் வேண்டும். ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (242), இனி எவரும் சூடாத நிலையிலும் நீ பூத்தாயோ என முல்லையைக் கேட்கின்றார். அங்கு மலர் சூடாமை ஊரார் அனைவரும் விரும்பி ஏற்ற துயரம். பிற்காலத்தில் அதுவே கணவனை இழந்த பெண்மீது மட்டும் வாழ்நாள் முழுதும் சுமத்தப்பட்ட விதியாயிற்று. திருமண வீட்டு வாயிலில் தட்டில் மலரும் குங்குமமும் வைத்துக்கொண்டு நிற்கும் சிறுமி, வருபவர் நெற்றியைப் பார்த்துத் தயங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். ஆயின் பன்னீர்ச் செம்பு அவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அது வருவோர் எல்லோர் மீதும் தெளிக்கப்படுகின்றது. ரோசா நீராக நின்ற இடத்தில் காட்டிய சமநோக்கு, மலராக நிற்கும் இடத்தில் எம்மவரிடம் இல்லை. சகோதரியின் பட்டமளிப்புக்கு ரோசாக் கொத்து வாங்கும் இளைஞர், கணவனை இழந்த தம் தாயின் கையிலும் ஒரு மலரைக் கொடுப்பாராயின், எந்த நிறப் பட்டியலிலும் இல்லாத பொருளொன்றை அவர் படைத்தவராவார்.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் ஒன்று புலனாகும். மலரின் பொருள் அதன் இதழில் இல்லை. கொடுப்பவரும் ஏற்பவரும் ஒருவரையொருவர் நோக்கும் இடத்தில் உள்ளது. துருக்கியர்க்கு அது ஓசையிற் பிறந்தது. பழந்தமிழ் மறவர்க்குச் சூடிய செயலிற் பிறந்தது. பௌத்தர்க்கு வாடுதலிற் பிறக்கின்றது. சைவர்க்கு மீண்டு வருதலிற் பிறக்கின்றது. அகப்பாடலின் தோழிக்கோ ஏற்றலிலும் மறுத்தலிலும் பிறந்தது.

இவ்வுண்மை இன்றைய பல்கலைக்கழக வாழ்வுக்கு அயலானதன்று. நிறப் பட்டியலை நம்புபவர் சிவப்பு ரோசாவைக் கொடுத்தவுடன் தம் கருத்து முடிந்துவிட்டதாக எண்ணுகின்றார். ஏற்காத பெண்ணைத் தம்மை அவமதித்தவளாகக் கருதுகின்றார். சில வேளைகளில் அது பலர் முன்னிலையில் நெருக்குதலாகவும், பின்னர் பழிச்சொல்லாகவும் மாறுகின்றது. இவ்விடத்தில் எம் பழைய மரபு புதியதொரு பாடத்தைத் தருகின்றது. மறுத்தல் அகத்திணைக்குப் புறம்பானதன்று; அதற்கெனத் துறையே உண்டு. மறுக்கப்பட்ட தலைவன் தோழியைப் பழித்ததாக அப்பாடல் இல்லை. மறுக்கும் உரிமை ஏற்பவருக்கு இருக்கும்போதுதான் கொடை கொடையாகின்றது. இல்லாதவிடத்து அது கட்டளையாகிவிடும்.

ஆதலின் ரோசாவைக் கொடுப்பவர் அது சிவப்பா மஞ்சளா என்று ஆராய்வதிலும், விடைக்கு இடம் விட்டுக் கொடுக்கின்றோமா என்று ஆராய்தல் நன்று. ஈழத்தலரி இம்மண்ணின் மலரானது போல ரோசாவும் எம் மலராகலாம். அதற்குப் பட்டியல் வேண்டியதில்லை. எம் முன்னோர் தழையோடு சேர்த்துத் தந்த அந்தப் பொறுமை போதும்.